சுறாவின் படமும் செய்தியின் தலைப்பும்: சுழியோடி ஒருவரின் திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த வாரம் தங்கள் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில், தென் அவுஸ்திரேலியாவின் குளிர்ந்த கரையோரக் கடலில் சுழியோடிகள் இருவர் பெரிய வெள்ளைச் சுறாவொன்றை எதிர்கொண்டது பற்றிய செய்தி வெளியாகியிருந்தது. கொலைகாரச் சுறாவின் வாயிலிருந்து அவர்கள் தப்பியதாகத் தலைப்பு கூறியது. ஆனால் செய்தியை இறுதிவரை வாசித்தபோது, அந்தச் சுறா இருமுறை அவர்களைச் சுற்றிவந்து பின்னர் விலகிச் சென்றது என்பதற்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை என்பது தெரிந்தது. எவருக்கும் ஒரு கீறல்கூட ஏற்படவில்லை. நடவாத ஒன்றைத் தலைப்பு கூறியதும், செய்தியுடன் இடப்பட்டிருந்த படம் வெள்ளைச் சுறாவின் படமாகவே இல்லாதிருந்ததும் என்னை இக்கடிதத்தை எழுதவைத்தன.

நான் மன்னார்க் கரையோரக் கிராமமொன்றில் பிறந்தவன். என் தகப்பனார் சங்கு குளிப்பவர். நானும் பதினேழு வயதிலிருந்து நீருக்கடியில் வேலை செய்து, பின்னர் கொழும்புத் துறைமுகத்திற்கு வரும் கப்பல்களின் அடிப்பகுதியைப் பரிசோதித்துத் துப்புரவு செய்யும் சுழியோடியாக முப்பது ஆண்டுகள் கழித்து ஓய்வுபெற்றேன். நம் கடலில் பல இனச் சுறாக்களை அருகிலிருந்து கண்டிருக்கிறேன். வெள்ளைச் சுறாவையும் ஒருமுறை, நான் உள்ளேயும் அது வெளியேயுமாக இரும்புக் கம்பிகளுக்கு இடையே பார்த்திருக்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் வெளியிட்ட படத்தில் இருந்த சுறாவின் வாய் ஏறக்குறைய மூடியிருந்தது. மூடியிருந்தும் ஊசிபோன்ற நீண்ட பற்கள் வெளியே ஒழுங்கின்றித் துருத்திக்கொண்டிருந்தன. முதுகில் ஏறத்தாழ ஒரே அளவுடைய இரண்டு செட்டைகள் இருந்தன. அது அவுஸ்திரேலியாவில் கிரே நேர்ஸ் என்று அழைக்கப்படும் சுறா. வெள்ளைச் சுறாவின் பற்கள் அகன்ற முக்கோண வடிவில், ஓரங்கள் அரிவாள்போல் அரம்பிட்டவையாக இருக்கும். அதன் முதுகில் பெரிய செட்டை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது செட்டை வாலருகே ஒரு விரல் நுனிபோலச் சிறியது. இரண்டையும் மாற்றிப் பார்ப்பது ஏதோ சிறு அச்சுப்பிழை என்று தோன்றலாம். ஆனால் இதே குழப்பம் ஓர் இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுசென்றிருக்கிறது. கிரே நேர்ஸ் மெதுவாக நீந்துகின்ற, மீனுண்ணும், பெரும்பாலும் சாதுவான சுறா. பகலில் பாறைக் குகைகளுக்குள் அசையாமல் மிதந்துகொண்டிருக்கும். அதன் பற்களின் தோற்றத்தைக் கண்டு, அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் நடந்த தாக்குதல்களுக்கெல்லாம் அதுவே காரணம் என்று மக்கள் நம்பினார்கள். 1950களிலும் 60களிலும் ஈட்டித் துப்பாக்கியுடன் இறங்கிய மீன்வேட்டைக்காரர்கள் வீரச் செயலாக எண்ணி அவற்றை அவற்றின் குகைகளிலேயே கொன்று குவித்தார்கள். 1984ஆம் ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அதற்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கியது. உலகில் சட்டத்தினால் பாதுகாக்கப்பட்ட முதலாவது சுறா இனம் அதுதான். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கிழக்குக் கரைக் கூட்டம் இன்னும் தேறவில்லை. தவறான படமும் தவறான பெயரும் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

இனி வெள்ளைச் சுறாவிடம் வருகிறேன். அடிலெய்டில் வசிக்கும் என் மகளிடம் சென்றிருந்தபோது, மருமகனின் ஏற்பாட்டில் போர்ட் லிங்கன் நகரிலிருந்து கப்பலேறி நெப்டியூன் தீவுகளுக்குப் போனேன். அவுஸ்திரேலியாவில் வெள்ளைச் சுறாக்களைக் கூண்டிலிருந்து பார்ப்பதற்கு அனுமதி பெற்ற இடம் அது ஒன்றே. அந்நாட்டின் மிகப் பெரிய உரோமக் கடல்நாய்க் கூட்டம் அத்தீவுகளில் குட்டி போடுகிறது, சுறாக்கள் அங்கே கூடுவதற்கான காரணமும் அதுதான். நீர் 16 பாகை செல்சியஸ். கொழும்புக் கடலில் ஆண்டு முழுவதும் 28 பாகைக்குப் பழகிய உடம்புக்கு அது முதல் ஐந்து நிமிடங்கள் அடிபோல இருந்தது. ஏழு மில்லிமீற்றர் தடித்த இறப்பர் ஆடைக்குள்ளும் பல் கிட்டித்தது.

கூண்டைப் பாரந்தூக்கியால் கடலடிக்கு இறக்கினார்கள். சிறிது நேரம் எதுவும் வரவில்லை. நீலநிறக் குரோப்பர் மீனொன்று, ஓர் ஆட்டுக்குட்டியின் பருமன் இருக்கும், கம்பியருகே வந்து எங்கள் முகமூடிக் கண்ணாடிகளை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அது பாறைப் பக்கமாக ஒதுங்கியது. பச்சை கலந்த நீர்மங்கலில் ஓரிடம் மட்டும் கொஞ்சம் கறுத்து, அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல ஓர் உருவமாகத் திரண்டு வந்தது. நான் எதிர்பார்த்திருந்தது வேகம். வந்ததோ அவசரமே அறியாத ஒரு நடை. உடம்பு மரக்கட்டைபோல் விறைத்திருக்க, வாலின் அடி மட்டும் இடமும் வலமும் அசைந்தது. நான்கு மீற்றர் நீளமான ஆண். சாம்பல் நிற முதுகும் வெண்ணிற வயிறும் சந்திக்கும் கோடு, கிழித்த கடதாசியின் ஓரம்போல் நெளிந்து சென்றது. மூக்கில் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய தழும்புகள். உயிருக்குப் போராடும் கடல்நாயின் நகமும் பல்லும் இட்ட கோடுகள் அவை என்று பின்னர் கப்பலில் விளக்கினார்கள். கூண்டைக் கடக்கும்போது அதன் கண் எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. படங்களில் வெறும் கறுப்புக் குழியாகத் தெரியும் அந்தக் கண், அருகில் பார்த்தால் கருநீல வளையமும் நடுவே பாவையும் உடைய உயிருள்ள கண். அது என்னைப் பார்த்தது, எனக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தது, பிறகு போனது. மூன்று தடவை வந்தது. மூன்றாவது தடவை எங்களுக்குப் பின்புறமாக வந்தது.

பின்புறமாக வந்தது என்பதில்தான் விடயம் இருக்கிறது. கூண்டின்றி வெள்ளைச் சுறாவைச் சந்தித்த சுழியோடிகளின் அனுபவங்களில் மீண்டும் மீண்டும் ஒன்றைக் காணலாம். சுறா தன்னைக் கண்டுகொண்ட மனிதனை நேர் எதிரே வந்து தாக்குவது அரிது. அது கீழிருந்தும் பின்னிருந்தும் வந்து இரையைத் திகைக்கவைக்கும் வேட்டைக்காரன். தன் வரவு தெரிந்துவிட்டால் அதன் வேட்டை பாதி தோற்றுவிடுகிறது. ஆகவே அதை நோக்கித் திரும்பி நில், கண்ணை எடுக்காதே, கைகால்களை அடித்து ஓடாதே, கடலடியையோ பாறையையோ ஒட்டி இருந்து மெல்ல விலகு என்றுதான் அங்குள்ள சுழியோடிகளுக்குக் கற்பிக்கிறார்கள். கப்பலில் இதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பதினேழு வயதில் முதன்முதலாக வள்ளத்திலிருந்து இறங்கியபோது என் தகப்பனார் சொன்னதும் இதுதான்: “சுறாவைக் கண்டா பதகளிச்சு ஓடாத. அதுக்கு முதுகைக் குடுக்காத. பார்த்துக்கொண்டே மெல்ல எழும்பு.” அவர் வெள்ளைச் சுறாவைக் கண்டவரல்லர்.

அந்த மிருகம் ஆபத்தற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது கொலைகாரன் என்று சொல்வதற்குச் சமமான பிழை. 1963 டிசம்பர் 8ஆம் திகதி, அடிலெய்டுக்குத் தெற்கே அல்டிங்கா கடற்கரையில் நடந்த ஈட்டிமீன்வேட்டைப் போட்டியில், ரொட்னி ஃபொக்ஸ் என்ற இளைஞரை வெள்ளைச் சுறாவொன்று மார்பில் கவ்வியது. விலா எலும்புகள் முறிந்து, நுரையீரல் கிழிந்து, உள்ளுறுப்புகள் வெளியே சரியாமல் காத்தது அவர் அணிந்திருந்த இறப்பர் ஆடை மட்டுமே. 462 தையல்கள் போடப்பட்டன. அச்சம்பவத்தில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. கண்களில் குத்தியதும் சுறா அவரை விட்டுவிட்டது. அதன்பின், அவர் பிடித்த மீன்களைக் கட்டி இழுத்துவந்த மிதவையை அது விழுங்கவே, அக்கயிற்றோடு அவரும் ஆழத்திற்கு இழுக்கப்பட்டார். கயிறு அறுந்ததால் பிழைத்தார். குருதி கசியும் மீன்களை இடுப்போடு இணைத்துக்கொண்டு கடல்நாய்களின் கடலில் நீந்துவது எத்தகைய அழைப்பு என்பது அன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் பின்னர் மிருகக்காட்சிச்சாலையில் சிங்கத்தின் கூட்டைக் கண்டு, மனிதனைக் கூட்டுக்குள் வைத்துச் சுறாவை வெளியே விடலாமே என்று யோசித்து, சுறாக்களைப் பார்ப்பதற்கான கூண்டை உருவாக்கினார். அவரது பிற்கால வாழ்வு அந்த இனத்தைப் பாதுகாக்கும் பணியிலேயே கழிந்தது.

இன்னொரு சம்பவம் 2007 ஜனவரியில் நியூ சவுத் வேல்ஸின் தென்கோடியில், ஈடன் துறைமுகத்துக்கு அப்பால் நடந்தது. மங்கலான நீரில் அபலோன் சிப்பி எடுத்துக்கொண்டிருந்த சுழியோடி ஒருவரின் தலையும் தோளும் சுறாவின் வாய்க்குள் போயின. ஈய நிறை பதித்த மேலாடை அவரது நெஞ்சைக் காத்தது. சிப்பியைப் பெயர்க்கும் உளியால் அதன் கண்ணருகே குத்தி அவர் வெளியே வந்தார். கடலடியைக் குனிந்து பார்த்தே நாளெல்லாம் வேலை செய்பவனுக்கு முதுகைக் காக்க முடியாது. இந்த இடர் எனக்கு நன்றாகத் தெரியும். மன்னாரில் கடலட்டை பிடிக்கும் இளைஞர்களும் இப்படிக் குனிந்தபடிதான் வேலை செய்கிறார்கள். தென் அவுஸ்திரேலியாவில் சில அபலோன் சுழியோடிகள் இயந்திரத்தால் நகரும் ஒற்றையாள் கூண்டுக்குள் இருந்தே தொழில் செய்யத் தொடங்கியது இதனால்தான். அவர்கள் சுறாவை ஒழிக்கக் கேட்கவில்லை, தமக்கு ஒரு கூண்டு செய்துகொண்டார்கள்.

வெள்ளைச் சுறா ஏன் குளிர்ந்த கடலை நாடுகிறது என்பதும் தங்கள் வாசகர்கள் அறியத்தக்கது. பெரும்பாலான மீன்களின் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பமே. இச்சுறாவின் உடலிலோ, உழைக்கும் தசையிலிருந்து வரும் சூடான குருதிக் குழாய்களும் செவுளிலிருந்து வரும் குளிர்ந்த குழாய்களும் வலைபோல் பின்னி நெருங்கி ஓடுகின்றன. வெளியேற வேண்டிய வெப்பம் உள்ளே திரும்பிவிடுகிறது. அதன் வயிறு சுற்றுநீரைவிட 14 பாகை வரை சூடாக இருக்கும் என்று அளந்திருக்கிறார்கள். கண்ணும் மூளையும்கூட இவ்விதம் சூடாக்கப்படுவதால், குளிரில் மற்ற மீன்கள் மந்தமாகும் இடத்தில் இது விரைவாகப் பார்த்து விரைவாகப் பாய முடிகிறது. இந்தச் சூட்டுக்கு விறகு வேண்டும். அந்த விறகுதான் கடல்நாயின் கொழுப்பு. எலும்பும் தசையுமான மனித உடம்பு அதற்கு உதவாத உணவு. கடித்துப் பார்த்து விட்டுவிடுவதாகச் சொல்லப்படுவதன் காரணத்தை இதிலேயே சிலர் காண்கிறார்கள். அந்த ஒரு கடியிலேயே குருதி வடிந்து மனிதன் இறக்கக்கூடும் என்பதும் உண்மை.

உலகம் முழுவதிலும், எல்லாச் சுறா இனங்களும் சேர்ந்து, மனிதனால் தூண்டப்படாமல் கடிக்கும் சம்பவங்கள் ஆண்டொன்றுக்கு 60 முதல் 70 அளவில் பதிவாகின்றன. உயிரிழப்பவர்கள் பெரும்பாலான ஆண்டுகளில் பத்துக்கும் குறைவு. தென் கலிபோர்னியாவில் ஆராய்ச்சியாளர்கள் ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டு, இளம் வெள்ளைச் சுறாக்கள் கூடும் கரைகளைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். பார்த்த நாட்களில் 97 வீதமானவற்றில் நீந்துவோரும் அலைச்சறுக்குவோரும் இருந்த அதே நீரில் சுறாக்களும் இருந்தன, 2023இல் வெளியான அந்த ஆய்வை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கடலில் காலை நனைத்துக்கொண்டிருந்த அந்த மக்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அருகே என்ன நீந்தியது என்பதே தெரிந்திராது.

அந்த மிருகம் எவ்வளவு எளிதில் அழியக்கூடியது என்பதைத்தான் நாம் அறிவதில்லை. பெண் சுறா குட்டியீனும் பருவத்தை அடைய ஏறத்தாழ 33 ஆண்டுகள் ஆகலாம் என்றும், எழுபது ஆண்டுகளுக்கு மேலும் அது வாழக்கூடும் என்றும் அதன் முள்ளெலும்பின் வளையங்களைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். ஒரு தாயைத் தூண்டிலில் இழந்தால் அந்த இடத்தை நிரப்ப ஒரு மனிதத் தலைமுறை வேண்டும். 1991இல் தென்னாபிரிக்காதான் முதன்முதலில் வெள்ளைச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. அதே தென்னாபிரிக்காவின் கான்ஸ்பாய் கரையில் 2017ஆம் ஆண்டு, ஈரல் மட்டும் நேர்த்தியாக எடுக்கப்பட்ட நிலையில் வெள்ளைச் சுறாக்களின் உடல்கள் ஒதுங்கின. அதைச் செய்தவை ஓர்க்கா திமிங்கிலங்கள். அவற்றுள் இரண்டின் முதுகுச் செட்டைகள் ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் சாய்ந்திருப்பதால் போர்ட், ஸ்டார்போர்ட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் வேலை செய்த எவருக்கும் கப்பலின் இடமும் வலமுமான அச்சொற்கள் பழக்கமானவை. ஓர்க்காக்கள் வந்ததும் எஞ்சிய சுறாக்கள் அக்கடலைவிட்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒதுங்கிப் போயின. நாம் கொலைகாரன் என்று எழுதும் மிருகம் அங்கே அஞ்சி ஓடியது.

கூண்டுச் சுற்றுலாவிலும் குறையில்லாமல் இல்லை. மீன் இரத்தமும் அரைத்த சூரையும் ஊற்றிச் சுறாவை வரவழைப்பது அதன் நடமாட்டத்தை மாற்றுகிறது என்ற கவலை நியாயமானது. சுறாக்கள் கூண்டுகளில் சிக்கிக் காயமடைந்த பின்னர், மெக்சிக்கோ 2023இல் குவாடலூப் தீவில் இச்சுற்றுலாவை முற்றாகத் தடைசெய்தது. நானும் அப்படியொரு கூண்டில் நின்றவன்தான். நாட்களுக்கும் படகுகளுக்கும் கட்டாய வரம்பு இல்லாத இடத்திற்கு இனி எவரையும் போகச் சொல்லமாட்டேன்.

குளிர்கடல் மீன் பற்றிக் கொழும்பில் இருப்பவனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று சிலர் கேட்கலாம். 2003 நவம்பரில் தென்னாபிரிக்காவில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட நிக்கோல் என்ற பெண் வெள்ளைச் சுறா, 99 நாட்களில் 11,000 கிலோமீற்றருக்கு மேல் நீந்தி மேற்கு அவுஸ்திரேலியாவை அடைந்து, ஒன்பது மாதங்களுக்குள் புறப்பட்ட கரைக்கே திரும்பியது. அது கடந்தது நம் இந்து சமுத்திரத்தை. காலிமுகத்திடலில் நின்று கடலைப் பார்க்கும்போது அதே சமுத்திரத்தின் கரையில்தான் நாம் நிற்கிறோம்.

மேலும், சுறாவுக்கும் சுழியோடிக்கும் இடையிலான உறவு நமக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் ‘கடல் கட்டி’ என்றொருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுபவர் அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வழியே வந்த மார்க்கோ போலோ, குளித்தெடுத்த முத்துகளில் இருபதில் ஒரு பங்கு இத்தகைய மந்திரக்காரர்களுக்குக் கூலியாகக் கொடுக்கப்பட்டதையும், இரவில் எவரும் களவாகக் குளிக்காதபடி மாலையானதும் அந்த மந்திரம் அவிழ்க்கப்பட்டதையும் எழுதியிருக்கிறார். பிரித்தானியர் ஆட்சியிலும் கடல் கட்டிக்கு இடம் இருந்தது. மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வாய் கட்டப்பட்டது என்று நம்பி இறங்கியவன் பதறியிருக்கமாட்டான், சுறாவைக் கண்டு கைகால் அடித்திருக்கமாட்டான். என் தகப்பனாரின் சொல்லும் போர்ட் லிங்கன் கப்பலில் கேட்ட சொல்லும் செய்த வேலையைத்தான் அந்த மந்திரமும் செய்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

சுறா வறையும் சுறாப் புட்டும் நம் வீடுகளின் உணவு. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறா கொடுக்கும் வழக்கத்தை நானும் மதிக்கிறேன். தொழிலாளியின் வலையில் படும் மீனைப் பற்றி நான் முறையிடவில்லை. ஆயினும் நமது நாட்டிலும் 2012இல் சாட்டைபோல் நீண்ட வாலுடைய சுறா இனங்களும், 2015இல் திமிங்கிலச் சுறாவும் வெண்நுனிச் செட்டையுடைய ஆழ்கடல் சுறாவும் பிடிப்பதற்குத் தடைசெய்யப்பட்டன. பலநாள் படகில் ஆழ்கடலுக்குப் போகும் இளைஞன் தூண்டிலில் ஏறிய தடைசெய்யப்பட்ட சுறாவைக் கயிற்றை அறுத்து உயிரோடு விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். சுறா என்றாலே கொலைகாரன் என்று சிறுவயது முதல் பத்திரிகையில் வாசித்து வளர்ந்தவன் அந்தக் கயிற்றை அறுக்க எவ்வளவு தயங்குவான் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

எனவே, சம்பந்தப்பட்ட செய்திக்குத் திருத்தம் வெளியிடுமாறும், அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது எந்த இனச் சுறா, எந்தக் கடல், நீரில் இருந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற மூன்றையும் செய்தியிலேயே சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். யாரும் கடிபடாத இடத்தில் “வாயிலிருந்து தப்பினார்” என்று எழுத வேண்டாம். படத்தைத் தெரிவு செய்பவரிடம் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடிய வாய்க்கு வெளியே ஊசிப் பற்கள் தெரிந்தால் அது வெள்ளைச் சுறா அன்று. ஐயம் இருந்தால், கொழும்பில் ஓய்வாக இருக்கும் பழைய சுழியோடிகள் பலர் இருக்கிறோம். அலுவலகத்திற்கு வந்து பார்த்துச் சொல்ல நான் எப்போதும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகச் சுழியோடி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.